கிராப் தாளும் அட்டையும்: நிரல் எழுத வந்த பிள்ளைகளுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியூர்களில் கணினி வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்த வீட்டுத் திண்ணைக்குத் திரும்பியிருக்கிறேன். மாலை வேளையில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "தாத்தா, கையேட்டுல ஒண்ணு போட்டிருக்கு, கட்டளை வேற ஒண்ணு செய்யுது. எதை நம்பறது?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன் உடனே, "கையேட்டை யாரு பார்க்கறா? ஓடுறதுதான் நிஜம்" என்றான்.

அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஓடுவது மட்டும்தான் நிஜம் என்றால், எழுதிக் கொடுத்த சொல்லுக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். கட்டளை தன் கையேட்டில் சொன்னபடி நடக்க வேண்டும் என்பது என் கட்சி. நடக்காவிட்டால் அது பிழை. கட்டளையையோ கையேட்டையோ திருத்தியே ஆக வேண்டும். திருத்துவதையும் நாலு பேருக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். அன்றைக்கும் அடுத்தடுத்த மாலைகளிலும் அவர்களிடம் சொன்னவற்றை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் மற்றப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நீங்கள் படித்தது சரியா என்று பாருங்கள்.

லினக்ஸில் எண்ணிச் சொல்வதற்கு டபிள்யூ.சி. என்ற கட்டளை இருக்கிறது. 'காஞ்சிபுரம்' என்ற சொல்லை எக்கோ கட்டளை வழியாக அதற்கு அனுப்பி, 'மைனஸ் சி' போட்டுப் பாருங்கள். 34 என்று வரும். ஆறெழுத்துச் சொல்லுக்கு 34 எப்படி என்று திகைப்பீர்கள். கையேட்டைத் திறந்தால், மைனஸ் சி பைட்டுகளை எண்ணும் என்று போட்டிருக்கும். நாம் ஆறெழுத்தாகப் படிக்கும் சொல்லை யூனிகோடு 11 குறியெண்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. துணைக்கால், மெய்ப்புள்ளி எல்லாம் அங்கே தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட். 33 ஆயிற்று. மிச்சம் ஒன்று, எக்கோ கடைசியில் தானாகச் சேர்க்கும் வரிமுறிவு. மைனஸ் சி-க்குப் பதில் மைனஸ் எம் போட்டால், கணினியின் மொழி அமைப்பும் யூடிஎஃப்-8 ஆக இருந்தால், 12 வரும். கட்டளை தன் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. நாம்தான் படிக்காமல் ஓட்டினோம்.

உங்களில் பலர் "பிழை" என்று என்னிடம் கொண்டுவருவது இந்த வகைதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்தால் தீர்ந்துவிடும்.

2. சுருக்கக் கையேட்டோடு நிறுத்தாதீர்கள்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காக நெசவாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சீட்டுகளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. சீட்டில் இடம் குறைவு, பெயருக்கு 20 எழுத்துதான். லினக்ஸில் 'கட்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியிலிருந்தும் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டித் தரும். அதன் சுருக்கக் கையேட்டில், மைனஸ் பி என்றால் பைட், மைனஸ் சி என்றால் எழுத்து என்று இருந்தது. (டபிள்யூ.சி.யில் மைனஸ் சி பைட்டைக் குறிக்கும், கட் கட்டளையில் எழுத்தைக் குறிக்கும். ஒரே குறிக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் இருப்பதால்தான் கையேடு இல்லாமல் நமக்குக் கதியில்லை.) எழுத்து என்று போட்டிருக்கிறதே என்று நம்பி, மைனஸ் சி போட்டு 1 முதல் 20 வரை வெட்டினேன். ஆங்கிலப் பெயர்களில் சோதித்தேன், சரியாக வந்தது. தமிழ்ப் பெயர்களில் சோதிக்கவில்லை.

பச்சையம்மாள் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ஏழெழுத்து. இருபதுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் யூனிகோடில் அது 12 குறியெண், 36 பைட். கட்டளை 20 பைட்டோடு கத்தரித்துவிட்டது. ஆறு குறியெண்ணுக்கு 18 பைட் போக, மிச்சம் இரண்டு பைட் அடுத்து வந்த மகரத்தின் உடைந்த துண்டு. அச்சில் 'பச்சைய' என்று வந்து, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. இப்படி எத்தனையோ பெயர்கள். சீட்டை வாங்கிய ஓர் அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு பேரு சார்? எனக்குக் குடுத்துட்டீங்க" என்று திருப்பி நீட்டினார். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவரின் பெயரைப் பாதியாக வெட்டிக் கையில் கொடுத்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றிரவு அதே கட்டளையின் விரிவான கையேட்டைத் தேடிப் படித்தேன். இப்போதைக்கு மைனஸ் சி-யும் மைனஸ் பி-யும் ஒன்றுதான், பன்மொழி வசதி வரும்போது இது மாறும் என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருந்தது. இந்தக் கட்டளை வரும் குனூ திட்டத்தின் கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் அந்த 'இப்போதைக்கு' பல்லாண்டுக் காலம் நீடித்தது. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையோ மைனஸ் சி என்றால் எழுத்துதான் என்று தெளிவாகச் சொல்கிறது. ஃபெடோரா, சூசே வெளியீட்டாளர்கள் தாங்களாகவே ஓர் ஒட்டுப் போட்டு, எழுத்தைக் குறியெண்ணாகக் கொண்டு வெட்ட வைத்தார்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த ஒட்டு இல்லை. கட்டளையின் பெயர் ஒன்று, சுருக்கக் கையேடும் ஒன்று. ஆனால் ஏறி உட்காரும் கணினிக்குத் தகுந்தபடி வேலை மாறியது.

விரிவான கையேட்டில் உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் நேர்மையானவர்கள். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் திறந்து பார்ப்பது சுருக்கக் கையேட்டைத்தான். அந்த ஒரு வரி அங்கே இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

3. அந்தப் பிழை யாருக்கு வலித்தது என்று கேளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். அவர் ஆயுள் முழுதும் கட் கட்டளையைப் பயன்படுத்தினாலும் கையேடு பொய்த்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தமிழில், இந்தியில், சீனத்தில் எழுதுகிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். எழுத்து என்று கையேட்டில் போட்ட வாக்குறுதி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு நிறைவேறியது, நமக்கு நிறைவேறவில்லை. இத்தனை காலம் ஆறப் போட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். டி.ஆர். என்ற எழுத்து மாற்றும் கட்டளைக்கும் இதே குறை உண்டு. ஆனால் தற்போது ஒற்றை பைட் எழுத்துகளுக்குத்தான் முழு ஆதரவு என்று அதன் கையேடு சொல்லிவிடுகிறது.

ஆகவே கையேட்டில் 'எழுத்து' என்ற சொல்லைக் கண்டால் யாருடைய எழுத்து என்று கேளுங்கள். 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று கண்டால் அந்த எல்லோருக்குள் பிள்ளையார்பாளையத்து நெசவாளி இருக்கிறாரா என்று கேளுங்கள்.

4. கிராப்பையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் வீட்டுத் தறியைப் பார்த்திருப்பீர்கள். கரையில் மயிலோ அன்னமோ யாளியோ போட வேண்டும் என்றால், முதலில் அதைக் கட்டம் போட்ட கிராப் தாளில் வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை எழாது. நாடா ஒருமுறை குறுக்கே போக ஓர் அட்டை. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய இந்த ஏற்பாட்டிலிருந்து கணினியின் துளையட்டை வரைக்கும் போன கதையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள், அதற்குள் போக வேண்டாம். எனக்கு வேண்டியது கிராப்புக்கும் அட்டைக்கும் நடுவில் உள்ள உறவு. கிராப்தான் கையேடு. அட்டை நிரல். துணி, அந்த நிரலின் நடத்தை.

ஒருமுறை அப்பா நெய்துகொண்டிருந்த சேலையில் மயிலின் கண் அடைந்துபோய் வந்தது. ஓர் அட்டையில் ஒரு துளை விடுபட்டிருந்தது. அட்டை சுற்றிச் சுற்றி வருவதால் அடுத்த மயிலுக்கும் கண் இல்லை, அதற்கடுத்த மயிலுக்கும் இல்லை. அப்பா தறியை நிறுத்தினார். அந்த அட்டையைக் கழற்றிக் கிராப்போடு வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினார். கிராப் சரி, அட்டை தப்பு. துளையைக் குத்தி மாட்டினார். முதலாளியிடம் போய், இத்தனை மயில் கண் இல்லாமல் வந்துவிட்டது என்று தானே சொன்னார். இது எளிய கேஸ். கையேடு சரியாக இருந்து கட்டளை தவறினால் கட்டளையைத் திருத்துங்கள், நடந்ததைச் சொல்லுங்கள்.

இன்னொன்று நடந்தது, அதில்தான் பாடம் இருக்கிறது. வேறொரு டிசைனில் கிராப்பே தப்பு. கொடி ஒன்று ஒரு கட்டம் விலகி வரையப்பட்டிருந்தது. அட்டை குத்தியவர் கைதேர்ந்தவர். பார்த்தவுடன் புரிந்துகொண்டு அட்டையில் சரியாகவே குத்திவிட்டார். கிராப்பில் கை வைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. சேலை அழகாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். சில வருடம் கழித்து அட்டைகள் நைந்துபோயின. புதிதாகக் குத்த அந்தக் கிராப்பை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவர் கட்டம் தவறாமல், கிராப்பில் உள்ளபடியே குத்தினார். கொடி விலகியது. வேலையில் எந்தக் குறையும் வைக்காத மனிதர் மேல் பழி விழுந்தது.

நீங்கள் நாளைக்கு ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, கையேட்டில் ஒரு தவறு இருப்பதைக் கண்டுபிடித்து, நிரலில் மட்டும் சத்தமில்லாமல் சரியாக எழுதிவிட்டு நகர்ந்தால், அந்த முதல் ஆள் செய்ததைத்தான் செய்கிறீர்கள். பத்து வருடம் கழித்து அந்த நிரலை வேறு மொழியில் திருப்பி எழுத ஒருவர் வருவார். அவர் கையில் இருப்பது உங்கள் கையேடுதான். ஆகவே நிரலைத் தொட்ட அன்றைக்கே கையேட்டையும் தொடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அது நடக்காது.

5. பழகிப்போன நடத்தையை மாற்றும்போது பழையவர்களைத் தெருவில் விடாதீர்கள்.

இதுவரை கையேட்டின் பக்கமே பேசினேன். கையேட்டின் பக்கம் முழு நியாயம் இருந்தும் வம்பாகிப்போன ஒரு வழக்கும் உண்டு. சி மொழியில் மெம்காப்பி என்ற செயல்கூறு நினைவகத்தில் ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும். இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது, அப்படி இருந்தால் மெம்மூவைப் பயன்படுத்துங்கள் என்று கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் பழைய மெம்காப்பி முன்னிருந்து பின்னாகப் படியெடுத்ததால், விதியை மீறியவர்களுக்கும் பெரும்பாலும் நல்ல விடையே கிடைத்துவந்தது. 2010இல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் வேகத்துக்காகச் சில செயலிகளில் படியெடுக்கும் திசையை மாற்றினார்கள். ஃபெடோரா 14 பயன்படுத்தியவர்களுக்கு அடோபி ஃபிளாஷில் பாட்டு கரகரத்தது. ஃபிளாஷ் விதியை மீறியிருந்தது. கையேட்டின்படி நூலகத்தின் மேல் தவறே இல்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், இதைப் பற்றிய பிழைப் பதிவில் நேரடியாக வந்து வாதாடினார். பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு இது யார் தவறு என்பதில் அக்கறை இல்லை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும் என்பது டோர்வால்ட்ஸின் நிலை. கடைசியில் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 2011இல் வந்த ஜிலிப்சி 2.14 பதிப்பிலிருந்து மெம்காப்பிக்கு இரண்டு வடிவம் வைத்தார்கள். ஏற்கெனவே கட்டி முடித்த பழைய நிரல்களுக்கு மெம்மூவ் போன்ற பத்திரமான நடத்தை. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, கையேட்டில் சொன்னபடி, புதிய வேகம். விதியும் நின்றது, விதி தெரியாமல் பழைய நிரலை வைத்திருந்தவரும் பிழைத்தார்.

6. உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

நல்ல கையேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு அங்கே இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை அவற்றில் வெட்டியிருக்கிறார்கள். ஊரில் 30 குடும்பு, அதாவது வட்டாரம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறையை எழுதிய நுணுக்கத்தைப் பாருங்கள். ஓலைகள் போட்ட குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய, திறந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை அவர் உரக்கப் படித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமாரும், அதாவது கோயில் பூசகர்களும், படிக்க வேண்டும். இப்படி எழுதி வைத்தால் கூட்டத்தின் கடைசியில் நிற்கும் ஒருவர்கூடச் சுவரில் உள்ளதையும் கண்முன் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விரல் மூடியிருந்தால், "விரலை விரியுங்கள்" என்று கேட்க அவருக்கு ஆதாரம் இருக்கிறது. கையேட்டை இப்படி எழுதுங்கள் என்று நான் உங்களிடம் கேட்பேன்.

இரண்டாவது கல்வெட்டு ஏன் வந்தது? இரண்டே ஆண்டில் விதிகளை மாற்ற வேண்டியிருந்தது. முதலாவதில் வயது வரம்பு 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. ஆட்சியாண்டு போட்டுப் புதியதைத் தனியே வெட்டினார்கள். எது எப்போது மாறியது என்று ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து நாம் படிக்க முடிகிறது. நீங்கள் எழுதும் செயலியின் மாற்றக் குறிப்பு போன மாதம் என்ன சொன்னது என்று உங்களால் காட்ட முடிகிறதா?

7. தெரிந்த குறையைக் கையேட்டிலேயே எழுதுங்கள்.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் கட்டளைகளின் பக்கங்களில் 'பிழைகள்' என்றே ஒரு தலைப்பு வைத்தார்கள். இந்தக் கட்டளை இன்னது செய்யும், இந்த இடத்தில் தவறும் என்று அதே பக்கத்தில். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

8. கட்டளை சொல் தவறாமலே உங்களுக்கு உதவாமல் போகலாம்.

பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு மூன்றெழுத்து. பைத்தானைத் திட்டிப் பயனில்லை, அது குறியெண்ணை எண்ணுகிறது, அப்படித்தான் கையேட்டிலும் சொல்கிறது. நமக்கு வேண்டியது வேறு, அதை நாமே செய்துகொள்ள வேண்டும். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன் தமிழ் நூலகத்தில் கெட் லெட்டர்ஸ் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என்று தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். நான் அந்தச் சீட்டுகளைத் திரும்ப அச்சிடும்போது செய்ததும் இதைப் போன்ற ஒரு வேலைதான். ஃபெடோராவின் ஒட்டுப் போட்ட கட் கட்டளையும் எனக்கு முழுதாக உதவியிருக்காது. அது காஞ்சி என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கேட்டால் காவைத் தராது, துணைக்காலை விட்டுவிட்டுக் கவை மட்டும் தரும்.

'ஸ்ரீ' இன்னும் சிக்கல். கோயில் ஊரில் இருக்கிறோம், எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஸ்ரீ இல்லாமல் இருக்காது. நான் ஒருமுறை கோயில் பெயர்களைத் தொகுத்தபோது, கண்முன் தெரியும் ஸ்ரீயை, கோப்பில் தேடித் தரும் கிரெப் கட்டளை இல்லை என்று சொன்னது. காரணம் இது. 2005 மார்ச்சில் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்தார்கள். அதற்கு முன் ஸகரத்தை வைத்து எழுதிவந்த ஸ்ரீயை அதன் பிறகு ஶகரத்தை வைத்து எழுதுவதே முறை என்று ஆயிற்று. பழைய முறையும் புழக்கத்திலிருந்து போகவில்லை. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டுகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடின் சீராக்க விதிகளும் இவை இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. கேட்டதை அப்படியே தேடுவேன் என்று சொன்ன கிரெப் அதைத்தான் செய்தது. இரண்டு ஸ்ரீயையும் தேடும்படி எழுத வேண்டியது என் பொறுப்பு, இனி உங்கள் பொறுப்பு.

9. 'வேண்டும்', 'நல்லது', 'செய்யலாம்' மூன்றையும் கலக்காதீர்கள்.

இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்காக 1997இல் ஸ்காட் பிராட்னர் ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறிய ஆவணம் ஒன்றை எழுதினார். கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகிய மூன்றுக்கும் எந்தச் சொல் என்று வரையறுத்தது அது. தமிழில் நமக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே வரும், ஆனால் கையேடு எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றுக்கும் 'செய்யப்படுகிறது' என்று போட்டுவிடுகிறோம். யார் செய்வது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று படிப்பவருக்குத் தெரியாது.

கையேட்டில் எடுத்துக்காட்டு கொடுத்தால் அதை ஓட்டிப் பாருங்கள். பைத்தானில் டாக்டெஸ்ட் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. கையேட்டுக் குறிப்பில் எழுதிய எடுத்துக்காட்டைத் தானே ஓட்டி, எழுதிய விடைதான் வருகிறதா என்று பார்க்கும்.

10. கீறிப் பாருங்கள்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையில் சீட்டு இருக்கிறது, சில்க் மார்க் முத்திரையும் இருக்கிறது. அப்படியிருந்தும் விவரம் தெரிந்த அம்மாக்கள் கடையில் ஜரிகையின் ஓரத்தை நகத்தால் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அது கடைக்காரரை அவமதிப்பதாகாது. நீங்களும் ஒரு கட்டளையைப் பெரிய வேலைக்குப் பயன்படுத்துவதற்கு முன், உங்கள் தரவில் இருக்கும் கடினமான ஒரு வரியைக் கொடுத்துக் கீறிப் பாருங்கள். ஆங்கில வரி போதாது. ஸ்ரீ, ஔ, கௌ, ஒற்று மேல் ஒற்று வரும் பெயர், எல்லாம் கலந்த ஒரு சோதனைக் கோப்பை இன்றே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் முதல் வரி, அன்று சீட்டைத் திருப்பி நீட்டிய அம்மாவின் பெயர்.

11. கண்டதை எழுதி அனுப்புங்கள்.

கையேட்டில் உள்ள வரி இது, நான் கொடுத்த கட்டளை இது, வர வேண்டியது இது, வந்தது இது, பதிப்பு எண் இது. இந்த ஐந்தும் இருந்தால் அது நல்ல பிழை அறிக்கை. கோபம் வேண்டாம். எதிரே இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் உழைப்பவர். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்காதீர்கள். கட்டளையும் விடையும் இருந்தால் போதும், அவர்களுக்குப் புரிந்துவிடும். தயக்கமாக இருந்தால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு நம் ஊரிலேயே இருக்கிறது, அவர்களிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நான் அந்தச் சீட்டு விவகாரத்துக்குப் பிறகு என் நிரலைத் திருத்தினேன், பெயர்களைச் சரியாக அச்சிட்டுக் கொடுத்தேன். ஆனால் சுருக்கக் கையேட்டில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி யாருக்கும் எழுதவில்லை. வேலை முடிந்தது என்று போய்விட்டேன். எனக்குப் பின்னால் எத்தனை பேர் அதே பள்ளத்தில் விழுந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் டெர்மினலைத் திறந்து, கட் கட்டளைக்கு உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் கொடுங்கள். மைனஸ் சி போட்டு முதல் நான்கு எழுத்தைக் கேளுங்கள். வந்ததைச் சுருக்கக் கையேட்டோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் தூங்கப் போவதற்கு முன் எழுதி அனுப்பிவிடுங்கள்.